நாணயச் சங்கம்

போன மாதம் கல்லூரியில் படிக்கும் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். பேச்சுவாக்கில், "தாத்தா, சொசைட்டிக் கடன்னா கட்டவே வேண்டாமாமே, எப்படியும் தள்ளுபடி பண்ணிடுவாங்களாமே?" என்று கேட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் பிறந்து வளர்ந்த காலத்தில் சொசைட்டி செய்தியில் அடிபட்டதெல்லாம் தள்ளுபடிக்காகத்தான். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. 1974-ல் கொள்ளிடக் கரையோரத்தில் ஒரு கிராமத்துச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 2010-ல் செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். 36 வருடம் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டேன். அதனால் தெரிந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

இப்போது பலகையில் இருக்கும் பெயர் 'தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்'. யார் வாயிலும் அது நுழைவதில்லை, எல்லோருக்கும் 'சொசைட்டி'தான். என் தாத்தா காலத்தில் அதற்கு 'ஐக்கிய நாணய சங்கம்' என்று பெயர். நாணயம் என்றால் காசு. சொன்ன சொல் தவறாமல் நடப்பதற்கும் நாணயம் என்றுதான் சொல்கிறோம். பெயர் வைத்தவர் யாரோ, இரண்டையும் நினைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். சங்கம் தொடங்கிய கதையைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

கதை சென்னை மாகாணத்திலேயே ஆரம்பிக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். பஞ்சத்துக்குப் பிறகு குடியானவர்கள் வட்டிக்காரர்களிடம் மீளமுடியாமல் சிக்கினார்கள். நிலம் கைமாறியது. இதற்கு என்ன வழி என்று ஆராயச் சொல்லி பிரெடெரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை மாகாண அரசு நியமித்தது. அவர் ஐரோப்பாவில் விவசாயக் கடன் சங்கங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்து 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். நூற்றுக்கணக்கான பக்கங்களின் சாரத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ரைபைசனைப் போல ஓர் ஆளைக் கண்டுபிடியுங்கள்.

ரைபைசன் ஜெர்மனியில் ரைன் நதிப் பகுதிக் கிராமங்களில் மேயராக இருந்தவர். 1840-களின் பஞ்சத்தில் ஏழைக் குடியானவர்கள் படும் பாட்டை நேரில் பார்த்தவர். முதலில் தர்மம் செய்து பார்த்தார், அது நிலைக்கவில்லை. பிறகுதான் 1864-ல் ஹெட்டெஸ்டார்ஃபில் தன் மாதிரிக் கடன் சங்கத்தை ஏற்படுத்தினார். அவருடைய விதிகள் எளிமையானவை. ஓர் ஊருக்கு ஒரு சங்கம். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களாக இருக்க வேண்டும். கடன் வருமானம் தரும் காரியத்துக்குத்தான். சங்கம் நொடித்தால் எல்லா உறுப்பினரும் தங்கள் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பு. இந்தக் கடைசி விதியைத்தான் 'வரையறையற்ற பொறுப்பு' என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்து வயல்காரன் கடனைக் கட்டாவிட்டால் என் வயலுக்கு ஆபத்து என்றால், அவன் வாங்கிய பணத்தில் உரம் வாங்கினானா, கல்யாண விருந்து போட்டானா என்று நான் பார்க்கத்தானே செய்வேன்? வேறு கண்காணிப்பே வேண்டாம்.

1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருடமே செங்கல்பட்டு ஜில்லா திரூரில் நம் மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் பதிவானது. காஞ்சிபுரத்தில் நகர வங்கியும் திருவல்லிக்கேணியில் பண்டகசாலையும் தொடங்கியதும் அதே வருடம்தான். கிராமச் சங்கங்களுக்குப் பணம் வேண்டுமே என்று 1905-ல் சென்னையில் ஒரு மத்திய நகர வங்கி ஏற்பட்டது. அதுதான் இன்றைய மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி. பிற்பாடு ஜில்லாவுக்கு ஒரு மத்திய வங்கி வந்தது. கீழே கிராமச் சங்கம், நடுவில் மாவட்ட மத்திய வங்கி, மேலே தலைமை வங்கி என்ற மூன்றடுக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. சங்கத்தை நடத்தியவர்களுக்கு அந்நாளில் 'பஞ்சாயத்தார்' என்று பெயர். சம்பளம் கிடையாது. கணக்கு எழுதியவர் பெரும்பாலும் ஊர் வாத்தியார் அல்லது கர்ணம்.

ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல் இருந்தது. ரைபைசன் ஊரில் சங்கத்தை ஊர்க்காரர்கள் ஏற்படுத்தினார்கள். இங்கே சர்க்கார் ஏற்படுத்தியது. பதிவாளர் என்ற அதிகாரிதான் சங்கத்துக்குத் தாயும் தகப்பனும். உறுப்பினர்களின் சேமிப்பு கொஞ்சம். மேலிருந்து வரும் பணம் அதிகம். தன் பக்கத்து வீட்டுக்காரன் பணம் என்றால் திருப்பிக் கொடுக்கத் தோன்றும். ஜில்லா வங்கிப் பணம் என்றால் சர்க்கார் பணம்தானே என்று தோன்றிவிடும். 1915-ல் மெக்லகன் குழு நாடெங்கும் சங்கங்களைப் பார்த்துவிட்டு, இதேபோன்ற குறைகளைத்தான் எழுதியது.

1930-களில் உலகப் பெருமந்தம் வந்தபோது நெல் விலை பாதிக்கும் கீழே போனது. 100 ரூபாய் கடனுக்கு முன்பு எத்தனை மூட்டை விற்க வேண்டுமோ, அதைப்போல் இரண்டு மடங்கு விற்க வேண்டியதாயிற்று. சங்கங்கள் வரிசையாக முடங்கின. வரையறையற்ற பொறுப்பு என்ற விதி அப்போதுதான் தன் மறுபக்கத்தைக் காட்டியது. நிலமுள்ளவர்கள், நாம் வாங்காத கடனுக்கு நம் நிலம் போய்விடுமோ என்று பயந்து ஒதுங்கினார்கள். 1938-ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து வட்டிக்காரர்களின் பழைய வட்டிச் சுமையைக் குறைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது நெல் விலை ஏறிய பிறகுதான் சங்கங்களின் பழைய பாக்கிகள் வசூலாயின.

சுதந்திரம் வந்த பிறகு ரிசர்வ் வங்கி ஏ.டி. கோர்வாலா தலைமையில் ஒரு குழுவை வைத்து நாடு முழுவதும் கிராமக் கடன் பற்றி ஆராய்ந்தது. 1954-ல் வந்த அந்த அறிக்கையின் ஒரு கணக்கு எங்கள் தலைமுறைக் கூட்டுறவு ஊழியர்களுக்கு மனப்பாடம். விவசாயி வாங்கும் கடனில் கூட்டுறவின் பங்கு 100-க்கு 3 சொச்சம்தான். வட்டிக்காரர்களின் பங்கு 70-ஐ ஒட்டி இருந்தது. அரை நூற்றாண்டு உழைத்தும் இவ்வளவுதான். கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனாலும் அது ஜெயித்தே ஆகவேண்டும் என்பதுதான் அந்தக் குழு சொன்னதன் சாரம். வட்டிக்காரன், வியாபாரி, பெரிய நிலக்காரன் என்று ஊரில் பலமுள்ள எல்லோரும் ஒரு பக்கம் நிற்கும்போது பலமில்லாதவர்கள் தாங்களாகச் சங்கம் நடத்த முடியாது, சர்க்கார் பங்காளியாகச் சேரவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதன்படி அரசின் பங்குத்தொகை வந்தது, பெரிய சங்கங்கள் வந்தன, வரையறுத்த பொறுப்பு வந்தது, கிடங்குகள் வந்தன. நான் வேலைக்குச் சேர்ந்தது அந்தச் சங்கத்தில்தான்.

1974-ல் கடன் வாங்குவது எப்படி இருந்தது என்பது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கர்ணத்திடம் சிட்டா, அடங்கல் நகல் வாங்க வேண்டும். பங்குத்தொகை கட்ட வேண்டும். ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஜில்லாவில் முடிவு செய்திருப்பார்கள். அதில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரம். உரம் வேண்டாம் என்றால் ரொக்கமும் கிடையாது. மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு வந்து சேரும்போது எங்கள் வாசலில் திருவிழாக் கூட்டமாக இருக்கும். சிட்டாவில் பெயர் உள்ளவனுக்குத்தான் கடன். குத்தகைக்கு உழுதவன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவான். அவனுக்கு நிலத்துக்காரரோ நெல் வியாபாரியோதான் கதி. இந்தக் குறை இன்றுவரை முழுமையாகத் தீரவில்லை.

கொடுப்பது சுலபம், வசூல்தான் கஷ்டம். எங்கள் தொழிலுக்கு மார்ச் 31 என்றால் பரீட்சை நாள். வசூல் சதவீதம் குறைந்தால் மத்திய வங்கி அடுத்த போகத்துக்குப் பணம் தராது. ஒழுங்காகக் கட்டியவனுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தண்டனை. அதனால் எல்லோரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். பழைய கடனைக் கட்ட விவசாயி கைமாற்று வாங்கி வருவார். காலையில் அதைக் கட்டுவார், சாயங்காலமோ இரண்டொரு நாளிலோ புதுக்கடன் பட்டுவாடா ஆகும், அதை எடுத்துப்போய்க் கைமாற்றுக்காரரிடம் கொடுப்பார். அந்த இரண்டு நாளைக்கு அவர் கொடுத்த வட்டி, சங்கத்துக்கு ஒரு வருடம் கொடுத்த வட்டியில் பெரும்பங்கு இருக்கும். பேரேட்டில் எல்லாம் சுத்தம். 100-க்கு 90 வசூல். வயலுக்குப் போனதோ ஒன்றுமில்லை. எந்த வட்டிக்காரனை ஒழிக்கச் சங்கம் வந்ததோ, அவன் இல்லாமல் சங்கத்துக் கணக்கு முடியாது என்ற நிலை. இதை மேலே இருப்பவர்களும் அறிவார்கள், நாங்களும் அறிவோம். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

கட்ட முடியாதவர்கள் மேல் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கி ஜப்திக்குப் போவோம். எண்பதுகளில் ஒரு வறட்சி வருடம், வசூல் ஜீப்போடு நானும் போனேன். ஒரு வீட்டில் எடுப்பதற்கு எதுவுமில்லை. வந்த அதிகாரி வாசல் கதவைக் கழற்றச் சொன்னார். கழற்றி ஜீப்பில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். அந்த வீட்டம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு சேலையை எடுத்து வாசலில் மறைப்பாகக் கட்டினார். பத்து நாளில் பணம் வந்துவிட்டது, கதவும் திரும்பிப் போய்விட்டது. ஆனால் அதே கிராமத்தில் அதைப்போல் பத்து மடங்கு பாக்கி வைத்திருந்த பெரிய வீட்டு வாசலில் ஜீப் நின்றதே இல்லை. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

நடுவில் நிர்வாகமும் மாறியது. எழுபதுகளின் நடுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டன. நெடுங்காலம் தனி அலுவலர் ஆட்சி. தலைவர்களில் ஊரை ஏய்த்தவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தேர்தல் போனதோடு பேரவைக் கூட்டமும் பெயருக்கு என்றாகிவிட்டது. உறுப்பினர் வாடிக்கையாளர் ஆனார், சங்கம் இன்னொரு சர்க்கார் ஆபீஸ் ஆனது. ரேஷன் கடையும் எங்கள் தலையில்தான். கடன் வசூலான பணத்தில் சம்பளம், வாடகை, கடைச் செலவு எல்லாம் போனதால், உறுப்பினர்கள் எங்களுக்குத் தரவேண்டியதைவிட நாங்கள் மத்திய வங்கிக்குத் தரவேண்டியது அதிகமாயிற்று. 'இம்பேலன்ஸ்' என்பார்கள். எல்லோரும் முழுதாகக் கட்டினாலும் சங்கத்தால் தன் கடனை அடைக்க முடியாது என்று அர்த்தம். நகைக்கடன்தான் எங்களைக் காப்பாற்றியது. உரசுகல்லும் தராசும் இல்லாவிட்டால் பல சங்கங்கள் எப்போதோ மூடியிருக்கும்.

இனி தள்ளுபடிக்கு வருகிறேன். 1990-ல் மத்திய அரசு 10,000 ரூபாய் வரையிலான தவணை தவறிய கடன்களைத் தள்ளுபடி செய்தது. 2006 மே மாதம் புதிய ஆட்சி பதவியேற்ற அன்றே, கூட்டுறவு விவசாயக் கடன்கள் தள்ளுபடி என்று முதலமைச்சர் கருணாநிதி கையெழுத்திட்டார். சுமார் 6,866 கோடி ரூபாய். 2016-ல் ஜெயலலிதா சிறு, குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி. 2021-ல் எடப்பாடி பழனிசாமி 12,110 கோடி. அதன்பின் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் 5 பவுன் வரையிலான நகைக்கடன். கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் செய்திருக்கிறார்கள். அதனால் இதில் நான் யாரையும் தனியாகக் குறை சொல்லவில்லை.

2006-ல் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதற்கு முந்தைய சில வருடங்கள் டெல்டாவில் தண்ணீர் இல்லை. 2005 நவம்பரில் வெள்ளம். கொள்ளிடம் கரை புரண்டு ஓடியது. எங்கள் ஊரில் இரண்டரை ஏக்கர் வைத்திருந்த ஒரு பெரியவர், நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன், 17,500 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். ஒரு ஏக்கர் தண்ணீரோடு போய்விட்டது. 40 வருடமாக ஒரு தவணைகூடத் தவறாதவர். மார்ச் கடைசியில் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்தேன். "பெரியப்பா, 31-ஆம் தேதிக்குள்ள கட்டிட்டா குறுவைக்கு உடனே புதுக்கடன் போட்டுடலாம். சங்கத்து வசூலும் நிமிரும். நீங்க கட்டினா நாலு பேரு கட்டுவாங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி தம்பி" என்றார். கறவை மாடு இரண்டையும் சந்தையில் விற்று, 29-ஆம் தேதி வட்டியோடு கொண்டுவந்து கட்டினார். நான்தான் ரசீது போட்டேன்.

தள்ளுபடி அறிவிப்பு மே மாதம் வந்தது. மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த கடன்களுக்குத்தான் அது பொருந்தும். பட்டியலைத் தயாரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அவரும் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். என்னிடம் வந்து, "நம்ம பேரு இல்லையே தம்பி" என்றார்.

"நீங்கதான் கட்டிட்டீங்களே பெரியப்பா."

"ஆமா. நீங்க சொன்னீங்கன்னு கட்டினேன்."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மறு வருடம் மார்ச்சில் அவர் திண்ணைக்குப் போனபோது, "பார்க்கலாம் தம்பி" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆடி மாதம்தான் கட்டினார், அபராத வட்டியோடு. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன யோக்கியதை?

அதே பட்டியலில் வேறொரு பெயரும் இருந்தது. கணவரை இழந்து, அவர் வைத்துவிட்டுப்போன கடனை வறட்சி வருடங்களில் சுமந்துகொண்டு, கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா. கடன் தீர்ந்த சான்றிதழை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு மனம் நிறைந்திருந்தது. தள்ளுபடியே கூடாது என்று யாராவது பேசினால் அந்த அம்மா முகம் நினைவுக்கு வரும். தள்ளுபடி நல்லதுதான் என்று பேசினால் பெரியப்பா முகம் நினைவுக்கு வரும். இரண்டு பேருமே ஏழைகள்தான். வெள்ளத்தில் ஒருவருக்கு எவ்வளவு போயிற்று என்று பார்த்து உதவி செய்திருந்தால் இருவருக்குமே நியாயம் கிடைத்திருக்கும். கட்டினாரா, கட்டவில்லையா என்று பார்த்து உதவி செய்ததால்தான் இந்த அநியாயம்.

2004-ல் மத்திய அரசு அமைத்த பேராசிரியர் ஏ. வைத்தியநாதன் குழு நோயைச் சரியாகக் கண்டுபிடித்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர், நம் கிராமங்களை அறிந்தவர். சங்கங்களின் பழைய நஷ்டத்தை அரசு ஒருமுறை ஈடு செய்யட்டும். பதிலுக்குத் தேர்தல் ஒழுங்காக நடக்கட்டும், தணிக்கை சுதந்திரமாக இருக்கட்டும், அரசு கையை எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் அவர் சொன்னது. நாடு முழுவதற்கும் 13,596 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. தமிழ்நாடும் சேர்ந்தது. பணம் வந்தது, கணக்குகள் கொஞ்சம் சுத்தமாயின. கையை எடுக்கும் விஷயம்தான் நடக்கவில்லை.

இப்போது தவணைக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. எந்த வட்டிக்காரன் தருவான் இப்படி? சங்கங்களில் கணினி வந்துவிட்டது. பேரேட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு மத்திய வங்கிக்கு பஸ் ஏறிய காலம் போய்விட்டது. ஆனாலும் கணினி சங்கத்தின் கணக்கைத்தான் காப்பாற்றும், நாணயத்தை ஊர்க்காரர்கள்தான் காப்பாற்ற வேண்டும். குறைகள் இத்தனை இருந்தும், சொசைட்டி இல்லாத கிராமத்தில் விதை நெல்லுக்கும் உரத்துக்கும் விவசாயி யாரிடம் போய் நிற்பான் என்று யோசித்துப் பாருங்கள். நான் பார்த்த எவ்வளவோ வீடுகளில் நிலம் இன்னும் கையில் இருக்கிறது என்றால், அதற்கு அந்தச் சின்ன ஓட்டுக் கட்டடமும் ஒரு காரணம்.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் பெரியப்பாவுக்கு அப்புறம் யாராவது பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்களா தாத்தா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவர் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அவர் மகன் அதே நிலத்தில்தான் பயிர் வைக்கிறான், அதே சங்கத்தில்தான் கடன் வாங்குகிறான். போன தை மாதம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது, "சொசைட்டிக் கடனைக் கட்டிட்டேன் சித்தப்பா, தவணைக்குள்ளயே" என்றான். நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.